கணினி கேள்வி – பதில்: விசையை விழுங்குவது யார்?

கேள்வி: நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் எடிட்டரில் ரசீது வரி போடும் மேக்ரோவுக்கு (பதிந்துவைத்த கட்டளைத் தொடர்) கன்ட்ரோல்+ஆல்ட்+4 வைத்தேன். அன்றிலிருந்து ₹ குறி அடிக்க முடியவில்லை. அதற்கு அழுத்தினாலும் மேக்ரோதான் ஓடுகிறது.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் வைத்திருப்பது விண்டோஸின் 'ஆங்கிலம் (இந்தியா)' விசைப்பலகை. அதில் வலது ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ₹ விழும். வலது ஆல்ட்டை விண்டோஸ் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே எடிட்டரிடம் சொல்கிறது. எடிட்டரோ முதலில் தன் ஷார்ட்கட் பட்டியலைப் பார்க்கிறது. பொருந்தினால் எழுத்தை விழவிடாது.

செட்டிங்ஸ் மெனுவில் ஷார்ட்கட் மேப்பரைத் திறந்து, மேக்ரோஸ் தாளில் உங்கள் மேக்ரோவைத் தேர்ந்து, மாடிஃபை அழுத்துங்கள். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9 கொடுங்கள். வேறு கட்டளையோடு மோதினால் கீழ்ப்பகுதியில் காட்டும். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு நோட்பேட் ப்ளஸ் ப்ளஸின் சொந்த ஷார்ட்கட்கள் மட்டுமே தெரியும். விண்டோஸ் அல்லது தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும் விசைகள் தெரியா. மலையாளமும் தமிழும் ஒரே கணினியில் அடிப்பவர்கள் கன்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கையை அடியோடு தவிர்ப்பது நல்லது.

கேள்வி: விஎஸ் கோடு எடிட்டரில் வரியை நகலெடுக்க ஷிஃப்ட்+ஆல்ட்+கீழ் அம்பு அழுத்துவேன். சில சமயம் வரி நகலாவதில்லை; அடுத்து அடிப்பது தெலுங்கில் விழுகிறது.
— வாசகர், நகரி

பதில்: இடது ஆல்ட்+ஷிஃப்ட் விண்டோஸில் மொழி மாற்றும் விசை. அம்பைத் தொடுமுன் கை எடுத்தால் மொழி மாறிவிடும். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் 'இன்புட் லேங்குவேஜ் ஹாட் கீஸ்' திறந்து, மொழிகளுக்கிடையே மாறும் வரியைத் தேர்ந்து, சேஞ்ச் கீ சீக்வென்ஸில் 'நாட் அசைண்ட்' கொடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசை+ஸ்பேஸ் போதும்.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் கேரள அரசின் கைட் நிறுவனம் தந்த லினக்ஸ். விம் எடிட்டரில் தமிழ்99 விசைப்பலகை வைத்துக் கேள்வித்தாள் அடிக்கிறேன். எஸ்கேப் அழுத்தியதும் எந்தக் கட்டளையும் ஓடுவதில்லை. லாங்மேப் எழுதியும் அரைப்புள்ளி விசை மட்டும் மசியவில்லை.
— ஆசிரியர், பாறசாலை

பதில்: நகர்வுக்கான எச், ஜே, கே, எல் நான்கும் தமிழ்99-இல் க, ப, ம, த. கட்டளை நிலையில் விம் எதிர்பார்ப்பது ரோமன் எழுத்தை. போய்ச் சேருவது க. அதை மாற்றித்தருவது லாங்மேப். அரைப்புள்ளியும் காற்புள்ளியும் லாங்மேப்புக்கே பிரிப்புக் குறிகள் என்பதால் அவற்றின் முன் பின்சாய்கோடு வேண்டும். லாங்மேப்பை அமைக்கும் செட் கட்டளை பின்சாய்கோடுகளைப் பாதியாக்கும். ஆகவே இரண்டு போடுங்கள்.

ஆனாலும் லாங்மேப் ஒட்டுப்போடும் வேலைதான். லினக்ஸின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழை விம்முக்குள் கொண்டுவருவதே சரியான வழி. வீட்டு அடைவில் புள்ளி-விம் அடைவுக்குள் கீமேப் என்றொரு அடைவு அமைத்து அதில் ஒரு கோப்பு எழுதுங்கள். லோட்கீமேப் என்ற வரிக்குக் கீழே வரிக்கு ஓர் எழுத்து: இடப்புறம் விசைகள், இடைவெளி, வலப்புறம் தமிழ். எச் என்றால் க. எச், கியூ என்றால் கா. எச், எஃப் என்றால் க். கிரந்தம் நீங்கலாக 247 வரி வரும், நம் எழுத்துகளின் எண்ணிக்கையேதான். தமிழ்99-இன் தானாகப் புள்ளி விழும் வசதி இதில் கிடையாது. எஃப் அழுத்தியாக வேண்டும்.

எழுதும் நிலையில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+6 அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம். எஸ்கேப் அடித்தால் கட்டளைகள் எப்போதும் ஆங்கிலம்தான். வரிக்குள் ஓர் எழுத்தைத் தேடும் எஃப் கட்டளைக்குப் பின், அந்த எழுத்தை மட்டும் தமிழிலேயே கொடுக்கலாம். இது பெரிய நிம்மதி.

தடுக்கும் இடங்கள் இரண்டு. கீமேப் அமைத்ததும், எழுதும் நிலையில் கீமேப் இயங்குமா என்பதைச் சொல்லும் ஐஎம்-இன்சர்ட் தானாக 1 ஆகிவிடும். ஆங்கிலத்தில் தொடங்க விரும்பினால் விம்மின் அமைப்புகள் இருக்கும் விம்ஆர்சி கோப்பில் கீமேப் வரிக்குப் பிறகு அதை 0 ஆக்குங்கள். முன்னால் எழுதினால் பயனில்லை. அடுத்தது டைம்அவுட்லென், அதாவது அடுத்த விசைக்காக விம் காத்திருக்கும் நேரம். இயல்பு 1000 மில்லிநொடி. வேகத்துக்காக 200 ஆக்கியிருந்தால், மெதுவாக அடிக்கையில் 'கா' என்பது 'கஆ' எனப் பிரிந்து விழும்.

நீங்களே எழுதிய மேப் (விசைக்கு வேலை ஒதுக்கும் வரி) ஓடாதபோது, வெர்போஸ் மேப் என்று அடித்து அந்த விசையைச் சேருங்கள். அதைக் கடைசியாக மாற்றிய கோப்பின் பெயரைக் காட்டும். பெரும்பாலும் ஏதோ ஒரு பிளகினாக (துணைநிரலாக) இருக்கும்.

கேள்வி: டெர்மினல் விம்மில் சேமிக்கக் கன்ட்ரோல்+எஸ் மேப் செய்தேன். அழுத்தினால் திரை உறைகிறது.
— வாசகர், புளியரை

பதில்: விம் வரை விசை போகவே இல்லை, திரை ஓட்டத்தை நிறுத்தும் குறியாக டெர்மினல் எடுத்துக்கொண்டது. கன்ட்ரோல்+க்யூ அழுத்தினால் விடுபடும். டெர்மினல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எஸ்டிடிஒய் கட்டளையை மைனஸ் இக்ஸான் என்பதோடு எழுதி, புது டெர்மினல் திறங்கள். கன்ட்ரோல்+ஐ, கன்ட்ரோல்+எம் இரண்டுக்கும் டெர்மினலில் எதையும் மேப் செய்யாதீர்கள். முன்னது டேப், பின்னது என்டர்.