பொனட்டுக்குள் லைட் போட முதல்: ஃபியூஸ் எந்த முனையில்?

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இருக்கிறேன். கார், டொயோட்டா கொரோலா 121. வேலை முடிந்து வீடு வந்து சேர இருட்டிவிடும். ஒயில், தண்ணீர் பார்க்கப் பொனட்டைத் திறந்தால் ஒரு கையில் போன், மறு கையில் டிப்ஸ்டிக். புறக்கோட்டையில் 5 மீற்றர் எல்.ஈ.டி ஸ்ட்ரிப் ஒன்றும், உள்ளே குட்டி லைட் எரியும் மூன்று கால் சுவிட்ச் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். சுவிட்சை ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்து, பற்றரியிலிருந்து நேரே வயர் இழுக்கலாமா? ரிலே வேண்டுமா? மூன்றாவது கால் எதற்கு?

பதில்: இழுக்கலாம். ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சாமான், வேண்டாம். மூன்றாவது காலுக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஃபியூஸ் என்ற சொல்லே இல்லை.

உங்களுடையதைப் போலவே ஒரு 121, மழைக்கால மாலையொன்றில் கயிறு கட்டி இழுக்கப்பட்டு நான் வேலை செய்யும் கராஜுக்கு வந்தது. பொனட்டைத் தூக்கியதும் எரிந்த பிளாஸ்டிக் மணம். யாரோ உள்ளே எல்.ஈ.டி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து புறப்பட்ட மெல்லிய சிவப்பு வயர், பற்றரியை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கு மேலாகப் போயிருந்தது. வண்டி ஓட ஓடப் பட்டையின் விளிம்பு வயரின் தோலை அரைத்துவிட்டது. செம்பு இரும்பில் பட்டதும் வயர் பழுத்து, பக்கத்தில் ஓடிய கம்பனி வயர்க் கட்டையும் சேர்த்து உருக்கிவிட்டது. இத்தனைக்கும் அந்த வேலையில் ஃபியூஸ் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே, சுவிட்சுக்குப் பக்கத்தில். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் கம்பி ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது.

அந்தக் கம்பி ஏன் அறவில்லை என்பது விளங்கினால் மீதி வேலை தானாக விளங்கும். கரண்ட் அந்த ஃபியூஸ் வரைக்கும் போகவே இல்லை. வழியிலேயே பொடிக்கு, அதாவது காரின் இரும்பு உடம்புக்கு, இறங்கிவிட்டது. ஃபியூஸ் தனக்குப் பின்னால் உள்ள வயரை மட்டுந்தான் காக்கும். பற்றரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள துண்டுக்குக் காவல் யாருமில்லை. உங்கள் லைட் இழுப்பது ஓர் அம்பியர் அளவு. ஆனால் அதே பற்றரி, ஷோர்ட் ஆனால், நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். ஸ்டார்ட்டரைச் சுழற்றுவது அதுதானே. ஆகவே ஃபியூஸ் பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வர வேண்டும், கிட்ட வருமளவுக்கு நல்லது. பஞ்சிகாவத்தையில் இரண்டு வால் வயருடன் மூடி போட்ட ஃபியூஸ் ஹோல்டர் கிடைக்கும், அதை வாங்குங்கள். உள்ளே 3 அம்பியர் பிளேட் ஃபியூஸ், ஊதா நிறம். அங்கிருந்து போகும் வயர் 0.75 சதுர மில்லிமீற்றர் இருந்தால் தாராளம்.

இனி ஸ்ட்ரிப். 5 மீற்றரையும் ஒட்ட நினைக்காதீர்கள். பெரிய சதுர எல்.ஈ.டி, மீற்றருக்கு 60 இருக்கிற வகையென்றால், அது 12 வோல்ட்டில் மீற்றருக்கு 14.4 வாட், அதாவது 1.2 அம்பியர் குடிக்கும். 5 மீற்றருக்கு 6 அம்பியர். பொனட்டுக்குள் உங்களுக்கு வேண்டியது 30 சென்ரிமீற்றர் துண்டுகள் இரண்டு. மூன்று எல்.ஈ.டிக்கு ஒருமுறை, 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, செம்புப் புள்ளிகளும் நடுவில் கோடும் தெரியும். அந்தக் கோட்டில் மட்டும் வெட்டுங்கள்.

காரில் போட்ட ஸ்ட்ரிப் சில மாதங்களில் ஒவ்வொரு மூன்றாக அணைந்துபோவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மலிவுச் சாமான் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பாதிப் பழி வோல்ட்டேஜுக்குச் சேர வேண்டும். வெள்ளை எல்.ஈ.டி மூன்று தொடராக நின்று ஏறக்குறைய 9.5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் கொடுத்தால் மிஞ்சுகிற 2.5 வோல்ட், பக்கத்திலுள்ள சின்ன ரெசிஸ்டரில் விழும். இஞ்சின் ஓடும்போதோ கார் தருவது 12 இல்லை, 13.8 முதல் 14.4 வரை. இப்போது ரெசிஸ்டரில் விழுவது 4 வோல்ட்டுக்கு மேல். பார்வைக்கு 2 வோல்ட் வித்தியாசம், ஆனால் கரண்ட் ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். ஏற்கெனவே சூடான இடத்தில் இந்தச் சூடும் சேர்ந்தால் எல்.ஈ.டி எப்படித் தாங்கும்?

இதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு. 3 அம்பியர் சிலிக்கன் டயோட் இரண்டை, 1என்5401 என்று கேட்டால் தருவார்கள், பிளஸ் வயரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேருங்கள். ஒவ்வொன்றும் முக்கால் வோல்ட் அளவு பிடித்துக்கொள்ளும், 14.2 வந்தால் லைட்டுக்கு 12.7 போகும். டயோட்டில் வெள்ளிக் கோடு போட்ட பக்கம் லைட்டைப் பார்க்க வேண்டும். அது சூடாகும் என்பதால் ஸ்பொஞ்சில் சுற்றித் திணிக்காமல், ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) மட்டும் போட்டுக் காற்றுப்படும் இடத்தில் விடுங்கள். ஸ்ட்ரிப்பை இன்னும் வாங்காதவர்களுக்கு என் யோசனை வேறு: லொறிக்குப் போடுகிற, 10 முதல் 30 வோல்ட் என்று எழுதிய, முழுக்க மூடிய சின்ன எல்.ஈ.டி லைட் இரண்டு வாங்குங்கள். கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்கிட் அதற்குள்ளேயே இருக்கும், மழையும் போகாது.

சுவிட்ச் விஷயத்தில் நீங்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். லைட் தேவைப்படும் நேரத்தில் நீங்கள் நிற்பது காருக்கு முன்னால், சுவிட்ச் இருப்பதோ ஸ்டியரிங்குக்குக் கீழே. கதவைத் திறந்து போட்டுவிட்டு வருவீர்கள், பொனட்டை மூடியதும் மறந்துவிடுவீர்கள். மூடிய பொனட்டுக்குள் எரிவது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மறந்தால் திங்கள் காலை 6 மணிக்கு 60 மணித்தியாலம். 0.7 அம்பியரில் கணக்குப் போட்டால் 42 அம்பியர் மணி. 121க்குப் போடுகிற பற்றரி ஒன்றின் வயிறே ஏறத்தாழ அவ்வளவுதான்.

அதனால் பின் (pin) சுவிட்ச் ஒன்று போடுங்கள். பழைய கார்களின் கதவு இடுக்கில், கதவைத் திறந்ததும் உள்லைட்டை எரிய வைக்குமே, அதே குத்துச் சுவிட்ச்தான். பொனட் அமுக்கும்போது துண்டிக்கும், தூக்கினால் சேரும். அதில் வயர் ஒன்றுதான், மறுமுனை அதன் உடம்பே, நேரே பொடி எர்த். ஆகவே ஸ்ட்ரிப்பின் மைனஸை இதற்குக் கொடுக்க வேண்டும். பிளஸ் பக்கம் பற்றரி, ஃபியூஸ், உங்கள் சுவிட்ச், டயோட், ஸ்ட்ரிப் என்று வரும், மைனஸ் பக்கம் பின் சுவிட்ச் வழியாகப் பொடிக்குப் போகும். இரண்டும் சேர்ந்தால்தான் லைட் எரியும். எனக்கென்றால் பின் சுவிட்ச் ஒன்றே போதும். ஆனாலும் பகலில் கராஜில் மணிக்கணக்காகப் பொனட் திறந்து கிடக்கும்போது அணைத்துவைக்க உள்ளே ஒரு சுவிட்ச் இருப்பது நல்லதுதான். வாங்கிவிட்டீர்கள், போடுங்கள். இஞ்சின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், திறந்த கால்களுள்ள சுவிட்ச் நனையக்கூடாது.

அந்த மூன்றாவது கால், சுவிட்சுக்குள் இருக்கும் குட்டி லைட்டின் எர்த். பல சுவிட்சுகளில் அது மட்டும் பித்தளை நிறத்தில் இருக்கும். ஒரு கால் ஃபியூஸிலிருந்து வரும் பிளஸ், ஒன்று லைட்டுக்குப் போவது, மற்றது பொடி. எர்த் கொடுக்காவிட்டாலும் உங்கள் ஸ்ட்ரிப் எரியும், சுவிட்ச் மட்டும் இருட்டாக இருக்கும். ஆனால் லைட்டுக்குப் போகும் காலில் எர்த்தைக் கொடுத்துவிட்டால், சுவிட்சைப் போட்ட நிமிடமே ஃபியூஸ் போகும். ஃபியூஸ் எதற்கு என்பதை அப்போது கண்ணால் காண்பீர்கள்! சுவிட்சின் முதுகில் 250 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வீட்டுக்குரியது. அதற்குள் இருக்கும் நியோன் 12 வோல்ட்டில் எரியவே எரியாது, எப்படி மாற்றிக் கொடுத்தாலும் வராது.

ரிலே ஏன் வேண்டாம் என்றேன்? 55 வாட் ஃபொக் லைட் இரண்டு போட்டால் 9 அம்பியர் போகும், அங்கே சுவிட்சைக் காப்பாற்ற ரிலே வேண்டும். ஓர் அம்பியருக்கு எந்தச் சுவிட்சும் போதும். ரிலே போட்டால் பழுதாவதற்கு இன்னுமொரு சாமான் கூடும், அவ்வளவுதான்.

வேலை தொடங்க முன் 10 மில்லிமீற்றர் ஸ்பனரால் பற்றரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பனர் பொடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், மைனஸ் போயிருந்தால் பட்டாலும் ஒன்றுமில்லை. எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு வளைய லக் போட்டு போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கடலோரத்தில் நிற்கிற உங்கள் காருக்கு இது கட்டாயம். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். வெட்டிய ஸ்ட்ரிப்பின் முனைகளை சிலிக்கன் பசையால் அடைக்கும்போது, வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் வேண்டாம். அந்த அமிலமே செம்பை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேளுங்கள். கம்பனி வயரைக் கவ்விப் பிடிக்கிற நீலக் கிளிப்பையும் தொடாதீர்கள். அது இழைகளை வெட்டிவிட்டு, அந்த வெட்டில் ஈரத்தை வைத்திருக்கும்.

வயர் காருக்குள் போக பொடியில் புதிய ஓட்டை துளைக்க வேண்டாம். கம்பனி வயர்க் கட்டு உள்ளே நுழையும் பெரிய ரப்பர் குரொமெட்டில், கட்டைக் குத்திவிடாமல் ஓரமாக ஒரு துளை போட்டு, அதன் வழியே விடுங்கள். இஞ்சின் பக்கம் முழுவதும் நெளி நெளியான பிளந்த குழாய்க்குள் வயர் ஓடட்டும். எக்ஸோஸ்ட், பெல்ட், ரேடியேட்டர் விசிறி மூன்றையும் விட்டு விலகி, ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். கொழும்பில் எலி, அணில் வயர் கடிப்பது சாதாரணம், குழாய் அதற்கும் ஓரளவு உதவும்.

ஸ்ட்ரிப்பைப் பொனட்டின் நடுவில் ஒட்டினால் வெளிச்சம் உங்கள் முகத்தில் அடிக்கும், இஞ்சின் கறுப்பாகத் தெரியும். இடது வலது ஓரங்களில், பொனட்டின் உள்விளிம்பில், உட்பக்கம் பார்க்கச் சாய்த்து ஒவ்வொரு துண்டு வையுங்கள். ஒரு பக்கத்து நிழலை மறுபக்கம் அழித்துவிடும். ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். அந்தச் சூட்டில் பசை நிற்காது, ஆகவே பொனட் சட்டத்திலுள்ள ஓட்டைகளில் கேபிள் டையும் போட வேண்டும். நிறத்தில், 6000 கெல்வின் நீல வெள்ளையை விட 4000 கெல்வின் எனக்குப் பிடிக்கும். நீல வெளிச்சத்தில் ஒயிலின் உண்மையான நிறம் தெரியாது. சிவப்பும் நீலமும் இந்தப் பேச்சிலேயே வேண்டாம். கிரிலுக்குள்ளால் வெளியே தெரிந்தால் பொலிஸ் கை காட்டும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று சொல்லி வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்ற வைத்தது நினைவிருக்கும்.

இதைப் படிக்கும் ஹைபிரிட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 12 வோல்ட் பற்றரி பின்னால் டிக்கியில், அக்வாவில் பின் சீட்டுக்குக் கீழே. பொனட்டுக்குள் நீங்கள் காணும் செம்மஞ்சள் தடித்த வயர்கள் 12 வோல்ட் இல்லை, பிரியஸின் பெரிய பற்றரி 201.6 வோல்ட். அவற்றின் பக்கத்தில்கூட உங்கள் வயரைக் கட்டாதீர்கள். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு பின் சுவிட்ச் உண்மையிலேயே அணைக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனை வீடியோவில் போட்டு, கேமரா ஸ்ட்ரிப்பைப் பார்க்க, பற்றரிக்கு மேலே ஒரு துணி விரித்து வையுங்கள். பொனட்டுக்கும் போனுக்கும் நடுவே இடமிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்து, மெதுவாக மூடி, பத்து எண்ணித் திறங்கள். வீடியோவில் இடையில் முழு இருட்டு வந்திருக்க வேண்டும். மங்கலாகவேனும் வெளிச்சம் தெரிந்தால் பொனட் குத்தியை முழுதாக அமுக்கவில்லை. பின் சுவிட்சை ஒரு வாஷர் உயரம் தூக்கிப் பூட்டுங்கள்.

பிறகு என்றைக்காவது அந்த ஊதா ஃபியூஸ் போனால், கைக்கு வந்த சிவப்பு 10ஐப் போட்டுச் சமாளிக்காதீர்கள். வயர் எங்கோ தோலுரிந்திருக்கிறது. பொனட் கீலருகே, திறக்க மூட வளைகிற இடத்தை முதலில் பாருங்கள். அங்கே ஒரு கைப்பிடியளவு வயரைத் தளர்வாக விட்டிருந்தால் பெரும்பாலும் அந்த வேலையே வராது.