வெளிநாட்டில் தன்னார்வ ஆங்கில ஆசிரியராக இருந்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? மூன்று வாரம் போய் வரலாமா?

இப்போதுதான் படிப்பை முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்த வயதில்தான் போனேன். பதினோரு மாதம் இருந்தேன்.

வகுப்பு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நீங்கள்தான் மாணவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லவும், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கவும், எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று கேட்கவும் கையைக் காலை ஆட்டித்தான் ஆக வேண்டும். பகல் முழுக்கத் தொண்டை வலிக்கப் பேசிவிட்டு, சாயங்காலம் மனம்விட்டுப் பேச ஒருவர்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பது முதல் இரண்டு மாதம் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் உங்கள் கேள்வியில் 'மூன்று வாரம்' என்று பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாள் வண்ண அட்டைகளோடு போனேன். சிவப்பு அட்டையைத் தூக்குவதற்குள் வகுப்பே எல்லா வண்ணங்களையும் ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டது. கிழமைகளும் தெரிந்திருந்தன, உடல் உறுப்புகளும் தெரிந்திருந்தன. சரி என்று, 'நேற்று என்ன செய்தீர்கள்?' என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை. வகுப்பாசிரியை தன் மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். எனக்கு முன்னால் ஒன்றரை வருடத்தில் ஆறு பேர் வந்து போயிருந்தார்கள். ஆறு பேரும் வண்ணங்களில்தான் தொடங்கியிருந்தார்கள்.

அதைவிட உறுத்திய விஷயம் வேறு. ஒவ்வொருவர் வரும்போதும் அந்த ஆசிரியை வகுப்பை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியவர். நானும் முதல் மூன்று வாரம் அவரை அங்கேதான் உட்கார வைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் இருவரும் சேர்ந்து நடத்தினோம். அவர் அவர்கள் மொழியில் இலக்கணம் சொல்வார், பேச்சுப் பயிற்சி என் பொறுப்பு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ' (a), 'தி' (the) போன்ற சொற்கள் அவர்கள் மொழியிலும் இல்லை, தமிழைப் போலவே. நானும் அங்கே தடுமாறிக் கற்றவள் என்பதால் பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது மாதம் ஒரு பையன் வீட்டு ஆடு குட்டி போட்ட கதையை நான்கு வாக்கியத்தில் சொன்னான். இரண்டு இடத்தில் இறந்தகாலம் தப்பு. நான் திருத்தவில்லை, அவன் முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குறுகிய காலம் போகிறவர்கள் எல்லாம் சுயநலக்காரர்களா என்று சிலர் கோபப்படலாம். அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆறு பேரும் நல்ல மனதோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் தன்னார்வலர்கள் பயிற்சியையும் சேர்த்துப் பொதுவாக 27 மாதம் தங்குகிறார்கள். ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா (CELTA) சான்றிதழ் வாங்கவே உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இதெல்லாம் காரணமில்லாமல் வைத்ததில்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இதற்கு முன் ஒரு அமைப்பு என்னை நிராகரித்தது. நான் பாடம் நடத்துவதைப் பார்க்கக்கூட இல்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்தான் வேண்டுமாம், உச்சரிப்பு முக்கியமாம். உலகத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களைவிட இரண்டாம் மொழியாகக் கற்றுப் பேசுபவர்கள்தான் அதிகம். அவர்கள் ஒருவருக்கொருவர் பேசும்போது எந்த ஒலி பிசகினால் புரியாமல் போகிறது என்று ஆராய்ந்த மொழியியலாளர் ஜெனிபர் ஜென்கின்ஸ், 'திங்க்' (think) என்ற சொல்லின் முதல் ஒலியை அவசியமானவற்றின் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. சம்பளம் வாங்காமல் உழைக்க வருகிறவரிடம்கூடப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போவதாக முடிவு செய்தால் முதலில் விசாவைப் பாருங்கள். சம்பளமே இல்லாத வேலைக்கும் அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு, தாய்லாந்து அதில் ஒன்று. உங்களிடம் கட்டணம் வாங்கும் அமைப்பு என்றால், அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். முன்பு வந்தவர் எந்தப் பாடத்தில் விட்டுப் போனார் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் முடியவே முடியாது என்றால் பிள்ளைகளின் வகுப்பை எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி முடிந்தபின் அங்குள்ள ஆசிரியர்களோடு தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுங்கள். எங்கள் ஆசிரியை ஒன்றரை வருடமாக அதற்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.