750 எம்.பி.யில் ஒரு மனிதன்

அன்புள்ள ஐயா,

மரபணுக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். கணினி அறிவியல் படிக்கிறாள். மனித டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கணக்குப் போட்டாள். இருப்பது நான்கே வகை எழுத்து, ஓர் எழுத்துக்கு இரண்டு பிட், எட்டு பிட் ஒரு பைட், ஆக 750 எம்.பி. (மெகாபைட்). "தாத்தா, உங்க போன்ல இருக்கிற சினிமாவே இதைவிடப் பெரிசு" என்றாள்.

நான் கட்டட வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மூன்று மாடி ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போட்ட பிளான்கள் ஒரு பீரோவை அடைத்தன. மூளை, கண், விரல் ரேகை என்று அத்தனையும் உள்ள மனிதனின் பிளான் இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அடங்கும்? டி.என்.ஏ.வுக்கு வெளியே வேறு ஏதோ இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இன்னொன்று, அழிந்துபோன மாமூத் யானையின் டி.என்.ஏ.வைப் படித்துவிட்டார்கள் என்கிறார்கள். பிளான் கையில் இருந்தால் கட்டடம் எழுப்பலாமே. மாமூத்தையும் அப்படி உண்டாக்கிவிடலாமா?

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

பேத்தியின் கணக்கு சரி. கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறாள். அந்த 300 கோடியில் புரதங்களுக்கான செய்தி இருப்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில். ஏறக்குறைய பாதி, தம்மைத் தாமே நகலெடுத்துப் பெருகிய துண்டுகளின் எச்சம். 2000-ல் மனித மரபணுத் தொகுப்பின் முதல் வரைவை வெள்ளை மாளிகையில் அறிவித்த காலத்தில், நமக்கு ஒரு லட்சம் மரபணுக்கள் இருக்கும் என்று நம்பியவர்கள் நிறைய. எண்ண எண்ண அது 20,000 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெங்காயத்தின் டி.என்.ஏ.வோ நம்முடையதைப் போல ஐந்து மடங்கு. மறுபக்கம், மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். எது எதோடு இணைய வேண்டும் என்று பட்டியல் போட்டால் அதுவே 750 எம்.பி.யைப் பல்லாயிரம் மடங்கு தாண்டும்.

எனவே அடங்காது என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு: டி.என்.ஏ.வில் மனிதனின் பிளானே இல்லை. மூக்கு இத்தனை அங்குலம் என்று எங்கும் குறித்து வைக்கப்படவில்லை. 'உயிரின் வரைபடம்' என்று பத்திரிகைகள் எழுதின, நிதி கேட்டுப் போன விஞ்ஞானிகளும் அதை மறுத்துக்கொண்டிருக்கவில்லை. நிஜமாகவே பிளான் போட்டுப் பழகிய உங்களைப் போன்றவர்கள்தான் அதை நம்பிக் குழம்புகிறீர்கள்.

அப்படியானால் எழுதியிருப்பது என்ன? புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. அவை வர வேண்டிய வரிசைதான் எழுதியிருக்கிறது. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். 1961-ல் அமெரிக்காவில் நிரன்பர்க், மத்தேய் என்ற விஞ்ஞானிகள், யு என்ற ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.வை (டி.என்.ஏ.வின் செய்தியைச் செல்லில் நகலாக எடுத்துச் செல்வது இது) செல்களின் சாற்றில் போட்டார்கள். ஃபினைல் அலனின் என்ற ஒரே அமினோ அமிலம் கோத்த சங்கிலி கிடைத்தது. ஹர்கோபிந்த் குரானா போன்றவர்களின் உழைப்பில் சில ஆண்டுகளுக்குள் 64 மூன்றெழுத்துக் குறிகளும் பிடிபட்டன. இதைப் படித்துச் சங்கிலி கோப்பது ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டதற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் இன்னும் இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

சங்கிலி கோத்தாயிற்று. ஆனால் சரியாக மடிந்தால்தான் பெரும்பாலான புரதங்கள் வேலை செய்யும். எப்படி மடிவது என்பதற்கு டி.என்.ஏ.வில் தனிக் குறிப்பு கிடையாது. தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளே ஒதுங்கும், எதிரெதிர் மின்னூட்டங்கள் நெருங்கும், அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காத கோணங்களில் மட்டுமே சங்கிலி திரும்பும். எந்தக் கோணங்களுக்கு இடமுண்டு என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் போட்ட படம் இன்றும் உலகெங்கும் அவர் பெயரில்தான் புழங்குகிறது. தண்ணீரும் வெப்பமும் பார்த்துக்கொள்ளும் வேலையை எழுதி வைக்க வேண்டியதில்லை. எம்.பி. மிச்சமாகும் முதல் இடம் இது.

இரண்டாவது இடம் ரத்தக் குழாய்கள். தந்துகிகள் என்ற மிக நுண்ணிய குழாய்கள் எந்தெந்த வழியாகப் போக வேண்டும் என்று எழுதப் புகுந்தால் முடிவே இராது. ஆக்சிஜன் போதாத திசு ஒரு புரதத்தை வெளியிடும், பக்கத்துக் குழாய் அதை நோக்கிக் கிளைவிடும், அவ்வளவுதான். உடம்பு முழுக்க இந்த ஒரே விதி செல்லும். ஒரே டி.என்.ஏ. உள்ள இரட்டையர்களுக்கும் விரல் ரேகை மாறுபடுவதற்குக் காரணம், ரேகை எழுதப்பட்ட ஒன்றல்ல, கருவில் தோல் வளரும்போது விழும் மடிப்பு என்பதே. 2001-ல் அமெரிக்காவின் டெக்சஸில் ஒரு பூனையைக் குளோனிங் செய்தார்கள், அதாவது அதே டி.என்.ஏ. உள்ள குட்டியை உண்டாக்கினார்கள். மூலப் பூனை ஆரஞ்சு உட்பட மூன்று நிறத்தது. குட்டியின் ரோமத்தில் அந்த ஆரஞ்சே இல்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்தது. பழ ஈயில் ஒரு மரபணு உண்டு. அது பழுதானால் கண் வராது. வால்டர் கேரிங்கின் குழு 1995-ல் அந்த மரபணுவை ஈயின் காலிலும் சிறகிலும் உணர்கொம்பிலும் விழிக்க வைத்தது. அங்கெல்லாம் கண் முளைத்தது. பிறகு எலியிலிருந்து அதே வேலையைச் செய்யும் மரபணுவை எடுத்து ஈயில் வைத்தார்கள். எலியும் ஈயும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்த வம்சங்கள். அப்போதும் கண் வந்தது. யாருடைய கண்? நூற்றுக்கணக்கான சிறு அறைகள் கொண்ட ஈயின் கண்! எலியின் எழுத்தை வாசித்தது ஈயின் செல் அல்லவா? 'இங்கே கண்' என்பதுதான் அந்தச் செய்தி. என்ன மாதிரிக் கண் என்பது, அதற்குப் பின்னால் விழிக்கும் நூற்றுக்கணக்கான ஈ மரபணுக்களின் பொறுப்பு.

டி.என்.ஏ.வுக்கு வெளியே ஏதோ இருக்கிறது என்ற உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆன்மா என்று சொல்லாமல் சொல்கிறீர்கள் என நினைக்கிறேன். எனக்கு முட்டையே போதும். தாய் ஈ, முட்டையின் ஒரு முனையில் பைகாய்டு என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வை வைத்து அனுப்புகிறது. அதிலிருந்து வரும் புரதம் அந்த முனையில் அடர்ந்தும் போகப் போக நீர்த்தும் பரவும். அடர்த்தி மிகுந்த இடத்தில் தலை, குறைந்த இடத்தில் மார்பு. தாயிடம் அந்த மரபணு பழுதென்றால், கருவிடம் நல்ல பிரதி இருந்தும் பயனில்லை, தலையில்லாமல்தான் வளரும். இதை வெளிக்கொண்டுவந்தவர் ஜெர்மனியின் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட். ஈயின் கரு வளர்ச்சி பற்றிய ஆய்வுகளுக்காக 1995-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

மாமூத்துக்கும் சிக்கல் இதே இடத்தில்தான். 2010-ல் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் சுமார் 10.8 லட்சம் எழுத்துகளையும் வேதிமுறையில் செய்து கோத்தது. அதற்கு உயிர் வந்தது, அதன் உறவான இன்னொரு பாக்டீரியாவின் உயிருள்ள செல்லுக்குள் வைத்த பிறகுதான். செல்லை யாரும் செய்யவில்லை, கடன் வாங்கினார்கள். மாமூத்தின் முட்டை செல்லை யாரிடம் கடன் வாங்குவது? இப்போது நடக்கும் முயற்சிகளும் அதை எழுத்துக்கு எழுத்து கட்டுபவை அல்ல, ஆசிய யானையின் செல்லில் சில மரபணுக்களைத் திருத்துபவை. அது கருவானாலும் 22 மாதம் சுமக்க ஒரு கருப்பை வேண்டும். எல்லாம் கூடி வந்தால் கிடைப்பது குளிர் தாங்கும், ரோமம் அடர்ந்த ஒரு பிராணி. செய்தித்தாள்கள் அதை மாமூத் என்றுதான் எழுதும். நான் யானை என்றே சொல்வேன்.