பெஞ்சில் இருக்கும் பிள்ளை

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி வாலிபால் டீமில் இருக்கிறான். வருவாய் மாவட்டப் போட்டியில் ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் பி.டி. மாஸ்டர் அவனைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சீட் கிடைக்கும் என்று நம்பியிருக்கிறோம். நேரில் போய்க் கேட்டேன், சரியான பதில் இல்லை. ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பெற்றவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தாராபுரம்)

பதில்: எழுதிக் கொடுக்க வேண்டாம். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பெஞ்ச்.

நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்குப் பெஞ்ச் என்பது மரப்பலகை மட்டும் அல்ல. கடைசி பெஞ்ச் என்றால் மக்கு. 'பெஞ்சு மேல ஏறி நில்லு' என்றால் வீட்டுப்பாடம் எழுதாதவன். வகுப்பே அண்ணாந்து பார்க்க, கண்ணில் நீர் முட்ட, மணி அடிக்கும்வரை நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வெட்கம் உடம்பிலேயே தங்கிவிட்டது, தலை நரைத்தும் போகவில்லை. அதனால்தான் 'உன் பையன் பெஞ்சில் இருக்கிறான்' என்று யாராவது சொன்னால், அவன் தன் முறைக்காகக் காத்திருக்கிறான் என்று நம் காதில் விழுவதில்லை. ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டான் என்று விழுகிறது. நீங்களே 'உட்கார வைத்துவிட்டார்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். தண்டனையைச் சொல்லும்போது வருகிற வாக்கியம் அது.

மைதானத்துப் பெஞ்சுக்கு அந்தப் பாவம் கிடையாது. வாலிபாலில் அணிக்குப் பன்னிரண்டு பேர், களத்தில் ஆறு. கூடைப்பந்தில் பன்னிரண்டு பேருக்கு ஐந்து. கபடியில் ஏழு. பாதிப் பேரை வெளியே உட்கார வைப்பது ஆட்டத்தின் விதி, மாஸ்டரின் விருப்பு வெறுப்பு இல்லை. அவர் தராசு பிடித்த மாதிரி நடந்தாலும், ஆட்டம் ஓடும் எந்த நிமிடத்திலும் ஆறு வீட்டில் வருத்தம் இருக்கத்தான் செய்யும். உங்கள் மகனை இறக்கினால் அந்த வருத்தம் தீர்ந்துவிடாது, அடுத்த தெருவுக்குப் போகும். ஆட்டம் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரைத்தான் நாம் எல்லோருமாகச் சேர்ந்து மிரட்டிக்கொண்டிருக்கிறோம்.

மிரட்டினால் என்ன ஆகும் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். தெற்கே, எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி. அப்போதெல்லாம் வாலிபால் பதினைந்து பாயிண்ட். சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட் ஏறும், ஓர் ஆட்டம் முடிய இருட்டிவிடும். நான் ஒரு வருடம் முழுக்கப் பெஞ்சில் இருந்தேன். எங்கள் பி.டி. சார் என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். எதிரணியில் எவன் எந்த மூலைக்கு அடிக்கிறான், எவன் சர்வீஸை வலையில் போடுகிறான் என்று எழுத வேண்டும். செட் முடிந்ததும் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, அதை வைத்துத்தான் ஆள் மாற்றுவார். ஆட்டம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் பெஞ்சில்தான். மறுவருடம் களத்தில் இறங்கியபோது பந்து எங்கே வரும் என்று என் காலுக்குத் தெரிந்திருந்தது.

அதே வருடம் அரிசி மில்காரர் ஒருவர் தன் மகனுக்காக வந்தார். பையன் நல்லவன், நல்ல உயரம். ஆனால் கையில் பாஸ் நிற்காது, பந்து எங்காவது சிதறிப் போகும். சார் மரியாதையாகத்தான் சொன்னார்: "கை படியட்டும் அண்ணாச்சி, நானே கூப்பிட்டு இறக்குறேன்." மில்காரர் ஒன்றும் சொல்லாமல் போனார். அப்புறம் கவுன்சிலர் வந்தார். அப்புறம் ஹெச்.எம். அறையில் ஒரு மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சார் இல்லை. வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

புதிதாக வந்தவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விஷயம் தெரிந்தவர், சர்வீஸ் போட்டுக் காட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு சின்னப் பிள்ளைகள் அவருக்கு. முன்னவருக்கு என்ன நடந்தது என்பதை வந்த முதல் வாரத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நாங்கள் கேட்டதே இல்லை. யார் பெயரைச் சொன்னாலும் பட்டியலில் சேர்த்தார். எவனைப் பார்த்தாலும் 'நல்லா ஆடுற' என்றார். எவனையும் திருத்தவில்லை. மாலையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நோட்டு போன இடம் தெரியவில்லை.

மில்காரர் மகன் ஆறு பேரில் ஒருவனாக இறங்கினான். அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் எங்கள் செட்டர் ஒரு பந்தைக்கூட அவன் பக்கம் தூக்கவில்லை. யாரும் சொல்லி வைக்காமல், தானாக அப்படி நடந்தது. அவன் வலைக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு காத்து நிற்பதும், பந்து அவன் தலைக்கு மேலே மறுபக்கம் போவதும் இன்றைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

நல்ல பயிற்சியாளர் பிள்ளைக்குக் கொடுக்கும் மிகப் பெரிய பொருள் உண்மை. 'உன் கை இன்னும் படியவில்லை' என்று வீட்டில் அம்மா சொல்ல மாட்டாள், அப்பாவுக்குத் தெரியாது, கூட ஆடுகிறவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவரைப் பயமுறுத்தினால் முதலில் நின்றுபோவது அந்தச் சொல். உங்களுக்குச் 'சரியான பதில்' கிடைக்கவில்லை என்கிறீர்களே, எத்தனை அப்பாக்கள் உங்களுக்கு முன்னால் வந்து அவர் பதிலைப் பிடுங்கிக்கொண்டு போனார்களோ என்றுதான் எனக்கு நினைக்கத் தோன்றுகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் கேன்டன் என்று ஒரு சிற்றூர். 2005 ஏப்ரலில் அங்கே ஒரு தகப்பன் துப்பாக்கியோடு உயர்நிலைப் பள்ளிக்குள் போய், அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பயிற்சியாளரைச் சுட்டான். சுட்டவனின் மகன் அந்த அணியில் இருந்தவன். பயிற்சியாளர் உயிர் பிழைத்தார், சுட்டவனுக்கு இருபது ஆண்டு சிறை. அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு மகன், ஜி.ஜே. கின். அப்பாவை இந்த வேலைக்காக வயிற்றில் சுட்ட பிறகும் அவர் அதே வேலைக்குத்தான் வந்தார். 2022 டிசம்பரில் டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. துப்பாக்கி வரை போகிறவன் லட்சத்தில் ஒருவன்தான். கூச்சல் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2019-இல் அந்த நாட்டுப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, நடுவர்கள் வேலையை விட்டுப் போவதற்கு உங்கள் நடத்தைதான் முக்கியக் காரணம், கொஞ்சம் அடங்குங்கள் என்று பெற்றோர்களுக்கே பகிரங்கமாக எழுதியது.

அங்கே பயிற்சியாளருக்கு ஊரில் ஒரு பெயராவது உண்டு. இங்கே? 2012-இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது 10,000 ஆக 2021 வரை காத்திருந்தார்கள். 2023-இல் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 12,500. அந்த மாதிரிச் சம்பளத்தில் இருப்பவரிடம் போய் ஊர்ப் பெரியவர் ஒருவர் 'என் பையனைச் சேர்த்துக்கோ' என்று சொன்னால், அவர் எதைப் பிடித்துக்கொண்டு மறுப்பார்? தனியார் பள்ளியில் தாளாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை போய்விடும். இவர் கையில் இருப்பது ஒரு விசில். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு, சான்றிதழுக்கு ஏற்ப மதிப்பெண். ஆகவே அவர் எழுதும் பன்னிரண்டு பெயர் பட்டியல் சில வீடுகளுக்கு லட்சக்கணக்கான ரூபாய் பெறும். அவ்வளவு பெரிய பட்டியலை எழுதும் கையை நாம் அவ்வளவு பலவீனமாக வைத்திருக்கிறோம்.

இதில் என் பழைய கோபம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பி.டி. பீரியட். பத்தாம் வகுப்பில் 'பப்ளிக் எக்ஸாம் வருது, விளையாட்டு எதுக்கு' என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசி, அந்த வாரத்து இரண்டு பீரியடையும் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு. அவர்களில் சிலரே பதினொன்றாம் வகுப்பில் சான்றிதழ் கேட்டு அதே மாஸ்டர் முன்னால் வந்து நிற்கிறார்கள். பந்தைத் தொட விடாமல் ஒரு வருடம் பிடுங்கிக்கொண்டு, மறுவருடம் 'ஏன் என் பையனுக்கு சர்வீஸ் வரவில்லை' என்றால் அவர் எங்கே போவார்? நீங்கள் அப்படிப் பேசியவரா என்று எனக்குத் தெரியாது. பேசியிருந்தால், மாஸ்டருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

பயிற்சியாளரும் பெற்றோரும் சேர்ந்து உண்மையை விட்டுக்கொடுத்தால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? 2015-இல் பட்டௌடி நினைவுச் சொற்பொழிவில் முன்னாள் கிரிக்கெட் கேப்டன் ராகுல் டிராவிட் வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கத்தைப் பற்றி மனம் நொந்து பேசினார். உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்காகப் பயிற்சியாளர் பிறந்த தேதியை மாற்றுகிறார், பெற்றோர் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறார், தன்னைப் பற்றிப் பொய் சொல்லலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது என்றார். இன்று கிரிக்கெட் வாரியம் சிறுவர்களின் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறது. பெரியவர்கள் சொல்லை நம்ப முடியாமல் எலும்பைக் கேட்கும் நிலைமை.

மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். அவரை முதலில் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க அவருக்கு நேரமும் நிம்மதியும் இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது என்று நான் நம்புகிறேன்.

சரி, பெற்றவன் கேட்காமல் யார் கேட்பது என்றீர்கள். கேளுங்கள். அடித்தாலோ, சாதி பார்த்தாலோ, பணம் கேட்டாலோ, பெண் பிள்ளைகளிடம் தப்பாக நடந்தாலோ அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், நானும் உங்களோடு வருகிறேன். ஆடும் ஆறு பேர் யார் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே போங்கள். உங்கள் மகனோடு பெஞ்சில் இருக்கும் மற்ற ஐந்து பிள்ளைகளின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மாஸ்டரிடம், "சார், வீட்டுல இவன் எதைப் பழகணும்?" என்று கேளுங்கள். பாஸ் என்றோ சர்வீஸ் என்றோ சொல்வார். ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் வீட்டுச் சுவரில் நூறு தடவை அடிக்கட்டும். சுவருக்குப் பதிலாக நீங்களே எதிரில் நின்று போட்டாலும் நல்லது.