கிளிநொச்சியில் 4கே எடிட்டிங்குக்கும் கேமுக்கும் ஒரே கணினி: எந்தப் பாகங்களை எடுப்பது?

கேள்வியின் சாரம் இதுதான். பகலில் கல்யாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை 4கே-யில் எடிட் செய்யும் வேலை, இரவில் கேம், இரண்டுக்கும் ஒரே கணினி. யூடியூப்பில் பார்த்த பட்டியலில் கோர் ஐ9 14900கே, ஆர்டிஎக்ஸ் 5090, தண்ணீர்க் கூலர், முன்பக்கமும் கண்ணாடி போட்ட கேசிங், 1000 வொட் பவர் சப்ளை. இது கிளிநொச்சிக்குச் சரிவருமா?

ஏசி போட்ட அறையில், ஆடாத கரண்டில் இருப்பவருக்கு அந்தப் பட்டியல் சரிவரும். இங்கே சீற் கூரைக்குக் கீழே சித்திரை மத்தியானம் அறைக்குள் 35 பாகையைத் தாண்டும். தோட்ட மோட்டர்கள் ஓடத் தொடங்கினால் 230 வோல்ட் இருக்கவேண்டிய லைன் 200-க்குக் கீழேயும் இறங்கும். சோளகக் காற்று எழும்பினால் ஒழுங்கைப் புழுதி முழுக்க வீட்டுக்குள். ஆகவே பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசியுங்கள். சுவர் பிளக், யூபிஎஸ், பவர் சப்ளை, காற்று, இவை எவ்வளவு தாங்குமோ அதற்கு அளவான ப்ராசசரும் கார்ட்டும். பலரும் கார்ட்டில் தொடங்கி, மிஞ்சிய காசுக்கு ஒரு யூபிஎஸ் வாங்குகிறார்கள். பிழைக்கிற இடம் அதுதான்.

முதலில் எர்த். கேசிங்கின் இரும்பில் புறங்கை பட்டால் சுர்ரென்று இருக்கிறதா? பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்டுவதற்கென்று சிறிய கப்பாசிற்றர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் வயர் தொடுக்கப்படாமல் இருந்தால் கேசிங் 230-இன் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில், மிதந்துகொண்டிருக்கும். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் மொனிட்டர் வயரையோ வெளி ஹார்ட்டிஸ்க்கையோ செருகும் நேரத்தில் அது சிக்னல் பின்னுக்குள்ளால் போனால் அந்த போர்ட் போய்விடும். மல்டிமீற்றரில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் வரவேண்டும். மீற்றர் சரியாகக் காட்டிவிட்டால் எர்த் நல்லதென்று முடிவுகட்ட வேண்டாம், மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் அற்பம். காய்ந்த மணலில் நட்ட எர்த் கம்பியின் தடை கோடையில் ஏறும். வயரிங் செய்பவரிடம் எர்த் டெஸ்ரர் வைத்து அளந்து தரச் சொல்லுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஓட்டைக்குள் பேனையால் குத்தி இரண்டு பின் பிளக்கைச் செருகும் பழக்கம் இந்த மேசைப் பக்கம் வரவே கூடாது.

அடுத்தது யூபிஎஸ். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது விஏ (வோல்ட்-அம்பியர்), உங்களுக்கு வேண்டியது உண்மையில் கிடைக்கும் வொட். 650 விஏ யூபிஎஸ் ஒன்று கொடுப்பது 360 தொடக்கம் 390 வொட் வரைதான். 1500 விஏ யூபிஎஸ்களில் பல 900 வொட். இப்போது கணக்கைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்ட்டுக்கு 300 வொட், அளவாக மட்டுப்படுத்திய ப்ராசசருக்கு 142, மதர்போட், டிஸ்க், ஃபான் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் ஏறத்தாழ 500. பவர் சப்ளையில் பத்திலொன்று சூடாகப் போகும், ஆகவே சுவரில் 550, மொனிட்டரையும் சேர்த்தால் 600. 900 வொட் யூபிஎஸ்ஸில் இது மூன்றில் இரண்டு பங்கு, நிம்மதி. அதே இடத்தில் 575 வொட் இழுக்கும் 5090-ஐ வைத்தால் கணக்கு 900-இல் முட்டி நிற்கும். கார்ட் மில்லிசெக்கன் அளவில் அதற்கும் மேல் துள்ளும். கரண்ட் போன அந்த நொடியே யூபிஎஸ் 'ஓவர்லோட்' என்று கத்திவிட்டு நிற்கும். 5090 வேண்டாம் என்பதற்கு விலையைவிட இதுதான் பெரிய காரணம்.

யூபிஎஸ்ஸில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: 'லைன் இன்டரக்டிவ்', 'பியூர் சைன் வேவ்'. முதலாவது இருந்தால் வோல்ட் இறங்கும்போது பற்றரிக்குப் போகாமலே உள்ளிருக்கும் ட்ரான்ஸ்ஃபோமரால் தூக்கிக் கொடுக்கும், பற்றரி தேயாது. இரண்டாவது ஏன் என்றால், இன்றைய நல்ல பவர் சப்ளைகள் எல்லாம் ஆக்டிவ் பிஎஃப்சி வகை, அதாவது மின்னோட்டத்தை அலையின் வடிவத்துக்கேற்ப இழுப்பவை. படிப்படியாக வெட்டிய செயற்கை அலையைக் கொடுத்தால் சில அதை ஏற்காமல் மாறும் கணத்திலேயே நின்றுவிடும். யூபிஎஸ் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே பல்பை எரியவைத்துக் காட்டி 'நல்லாத்தானே இருக்கு' என்பார்கள். பல்புக்கு அலையின் வடிவம் பொருட்டில்லை.

600 வொட்டில் ஐந்து நிமிடமளவு கிடைத்தால் போதும், சேமித்துவிட்டு நிறுத்துவதற்குத்தான் அது. உள்ளே இருக்கும் ஈயப் பற்றரி 25 பாகைக்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றக் காசு ஒதுக்குங்கள், யூபிஎஸ்ஸைக் கணினியின் சூட்டுக் காற்று படாத பக்கம் வையுங்கள். சிறிய ஜெனரேற்றரில் ஓட்டுவதானால் யூபிஎஸ்ஸின் உணர்திறனைக் குறைவுக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கரண்டின் அதிர்வெண் ஆடும்போதெல்லாம் பற்றரிக்கே ஓடும்.

பவர் சப்ளைக்கு 850 வொட், கோல்ட் (வினைத்திறன் தரம்), ஏடிஎக்ஸ் 3.1 (புதிய கார்ட்களுக்கான தரநிலை). லேபிளில் '100–240' என்று இருக்கிறதா பாருங்கள். மலிவானவற்றில் '200–240' என்றே இருக்கும், நம் பின்னேர வோல்ட்டுக்கு அது சரிவராது. கேசிங்கோடு இலவசமாக வரும் '500 வொட்'டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அல்லது யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனிச் சூடு. அறை 10 பாகை கூடினால் உள்ளே எல்லாமே ஏறத்தாழ 10 பாகை கூடும். 22 பாகை அறையில் 78 காட்டிய ப்ராசசர் இங்கே 91 காட்டும். கீழே நான் சொல்லப்போகும் ஏஎம்டி ரைசன் 9000 வரிசைப் பெரிய ப்ராசசர்களுக்கு எல்லை 95, அங்கே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர்க் கூலர் அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அதில் பம்ப் நின்றால் மாற்றுப் பம்ப் கொழும்பிலிருந்து வரும்வரை வேலை நிற்கும். இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் ஒன்று, தெர்மல்ரைட் பியர்லஸ் அசாசின் அல்லது ஃபான்டம் ஸ்பிரிட் மாதிரி, போதும். ஃபான் செத்தால் எந்த 120 மில்லிமீற்றர் ஃபானையும் கொழுவி ஓட்டலாம். உயரம் 155 மில்லிமீற்றரளவு, கேசிங்கில் 160-க்கு மேல் இடம் இருக்கிறதா பாருங்கள்.

கேசிங்கின் முன்பக்கம் வலை, கண்ணாடி வேண்டாம். உள்ளே இழுக்க மூன்று ஃபான், வெளியே தள்ள ஒன்று. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் இடுக்குகளால் காற்று வெளியேதான் போகும், புழுதி வடிகட்டி வழியாக மட்டும் வரும். கேசிங்கைக் கழற்றாமலே வடிகட்டியை முன்னால் இழுத்து எடுக்கக்கூடியதாகப் பாருங்கள், சோளக காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். புளோவரால் ஊதும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பெயரிங் கெடும். பின்பக்க வெற்றுத் துவாரங்களுக்கு மூடி போடுங்கள், பல்லி முட்டையிடுவது அங்கேதான். நிலத்தில் வைக்காமல் ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். 500 வொட் இழுக்கும் கணினி அறைக்கு 500 வொட் ஹீற்றர்தான் என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டுவதில் அர்த்தமில்லை.

இப்போது ப்ராசசர். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 கே வகைகளில் வோல்ட் கூடிச் சில்லு மெல்லப் பழுதாகும் குறை இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோட் (ப்ராசசருக்கான உள் மென்பொருள் திருத்தம்) அதைத் தடுக்கும், ஆனால் ஏற்கெனவே கெட்டதைத் திருத்தாது. ஆகவே மலிவாக வரும் பாவித்த 14900கே பக்கம் போகவேண்டாம். உங்கள் வேலைக்கு என் தெரிவு 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டி. பயாஸில் (மதர்போட்டின் செற்றிங் பக்கம்) ஈக்கோ மோடில் 105 வொட்டைத் தெரிந்தால், அது பெயரளவு எண், ப்ராசசர் உண்மையில் இழுக்கும் உச்சம் 142 வொட்டுக்கு இறங்கும். எடிட்டிங்கில் கொஞ்சம்தான் குறையும், கேமில் தெரியவே தெரியாது. காசு இடித்தால் 8 கோர் ரைசன் 7 9800எக்ஸ்3டி, எக்ஸ்போர்ட் நேரம் கூடும், அவ்வளவுதான்.

முன்பு எடிட்டர்கள் இன்டெல்லை விடாமல் பிடித்ததற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. இன்றைய கமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடிய வகை) வீடியோவை இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் நேரடியாக வாசிக்கும், மற்றவை திணறும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அதைத் தானே வாசிப்பதால் அந்தக் காரணம் போய்விட்டது. எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பும் டிரைவரும் மட்டும் வேண்டும். அந்த வரிசையில் 5070-ஐ விட்டு 5070 டிஐ-க்கு ஏறச் சொல்வதற்குக் காரணம் இரண்டு: நினைவகம் 12-க்குப் பதில் 16 ஜிபி, வீடியோ என்கோடர் ஒன்றுக்குப் பதில் இரண்டு. 5080-க்கும் 16 ஜிபிதான், இழுப்பது 360 வொட். வேகம் கூட, ஆனால் அந்த வித்தியாசக் காசை யூபிஎஸ்ஸிலும் டிஸ்க்கிலும் போடுவது புத்தி. கேம் மட்டும் என்றால் ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி நல்ல கார்ட்.

கார்ட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 12வி-2எக்ஸ்6 வயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உருகிய கதைகளில் பல, முழுக்க உள்ளே போகாத பிளக்கால் வந்தவை. இடைவெளி தெரியாமல் செருகி, முதல் 35 மில்லிமீற்றரை வளைக்காமல் விடுங்கள். பக்கக் கண்ணாடி அந்த வயரை அமத்தினால் கேசிங் ஒடுக்கம் என்று அர்த்தம்.

மதர்போட் பி850 போதும். எக்ஸ்870-இல் யூஎஸ்பி4 கட்டாயம், பல போட்களில் அது எம்.2 (எஸ்எஸ்டி செருகும்) துவாரமொன்றின் பாதையைப் பங்குபோடும். றாம் 64 ஜிபி, இரண்டு 32 தட்டுகளாக, டிடிஆர்5-6000 சிஎல்30. ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது துவாரத்தில் போடுங்கள். நாலு தட்டுப் போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 3600-தான். முதல்முறை போடும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும், றாமைப் பழக்குகிறது. பயந்து ஓஃப் பண்ண வேண்டாம். பிறகு பயாஸில் எக்ஸ்போ என்ற றாம் வேக அமைப்பைப் போடாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்துவிட்டு 4800-இல் ஓட்டுவீர்கள். 2025 கடைசியிலிருந்து றாம் விலை பாய்ந்து ஏறியது. நெருக்கடியென்றால் 32-இல் தொடங்கலாம், ஆனால் பிறகு இரண்டையும் கழற்றி மாற்றவேண்டி வரும்.

டிஸ்க் விஷயத்தில் கணக்குப் போடாமல் வாங்குபவர்கள்தான் அதிகம். 100 மெகாபிற்றில் எடுத்த ஒரு மணித்தியாலம் 45 ஜிபி. இரண்டு கமரா, ஐந்து மணித்தியாலம் என்றால் ஒரு கல்யாணம் 450 ஜிபி. 2 ரிபி எஸ்எஸ்டியில் நாலு கல்யாணத்தோடு இடம் முடிந்தது. விண்டோஸுக்கும் கேமுக்கும் 1 ரிபி, ஓடும் வேலைக்குத் தனியாக 2 ரிபி, இரண்டும் ஜென்4 (வேகத் தலைமுறை), டிஎல்சி (சில்லு வகை). ஜென்5 இந்தச் சூட்டுக்கு வீண். சேமிப்புக்கு 8 ரிபி ஹார்ட்டிஸ்க் இரண்டு, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் எழுதும்) வகை, ஒன்று கேசிங்குக்கு வெளியே வேறொரு வீட்டில்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பூட்டி வாங்கினால் கார்ட்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக எடுத்து வாருங்கள். பெரிய காற்றுக் கூலரையும் கழற்றச் சொல்லுங்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ் குலுக்கலில் கிலோக் கணக்கான கார்ட் தொங்கினால் துவாரம் பிளக்கும். கனடாவிலிருந்து மாமா வாறார் என்றால் ப்ராசசர், எஸ்எஸ்டி, றாம் சொல்லிவிடலாம். கார்ட்டின் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். யூபிஎஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், அங்கே 120 வோல்ட்.

பூட்டியதும் திருப்பிக் கொடுக்கக்கூடிய நாட்களுக்குள் சோதியுங்கள். றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நாலு சுற்று, ஒரு பிழை வந்தாலும் றாமை மாற்றுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், ப்ராசசரை முழுக்க வேலை வாங்கும் சினிபெஞ்சையும் ஒரு கேமையும் அரை மணித்தியாலம் ஓட்டி எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ்ஸின் சுவர் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் அறுந்துவிடும், சுவிட்ச் என்றால் எர்த் நிற்கும். திரை சிமிட்டாமல் தொடர்ந்தால் சரி.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் இதற்கு நேர்மாறு: சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்குங்கள், லான் வயரையும் சேர்த்து. ஃபைபர் கண்ணாடி, மின்னலைக் கடத்தாது. ஆனால் கூரையில் 4ஜி அன்ரனா இருந்தால் அந்த வயர் ரவுட்டருக்குள்ளாலும் லான் வயருக்குள்ளாலும் மதர்போட்டுக்கு வழி.