காலித் தோட்டாவும் எண்ணெய்யும்

வணக்கம் சார்,

மாக்சிம் துப்பாக்கி பத்தி நீங்க எழுதினத படிச்சேன். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஒரு டவுட். நிமிஷத்துக்கு 500, 600 ரவுண்டு சுடுற மெஷின்ல காலி கேஸ், அதாவது குண்டு போனப்புறம் மிஞ்சற பித்தளக் கூடு, உள்ளயே மாட்டிக்காம ஆரம்பகாலத்துல எப்படி பாத்துக்கிட்டாங்க? தோட்டாவுக்கு எண்ணெய் தடவினாங்க, பிரச்சன முடிஞ்சுதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அவ்வளவுதானா? சின்ன விஷயம்தான், ஆனா மனசுல சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம், ஜெர்மன் மெஷின்கன் பெஸ்டா, ரஷ்யன் பெஸ்டா? கொல்ற கருவிய பத்தி இவ்வளவு ஆசையா எழுதறது சரியான்னு என் ஃப்ரெண்டு கேக்கறான், அதுக்கும் சொல்லுங்க. டிசைன் பேப்பர்ல எனக்கு ரெண்டு அரியர் இருக்கு. நமக்கு இதெல்லாம் வராதோன்னு தோணுது. பேர் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்னிக்கு நானும் இதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், அதான் மத்த கடிதத்தையெல்லாம் ஓரமா வச்சுட்டு உனக்கு எழுதறேன். ஆனா முதல்ல திட்டிடறேன். “சின்ன விஷயம்தான்”னு எழுதியிருக்க பாரு, அத அழிச்சுடு. அந்த வார்த்தைய இனிமே எந்த மெஷின் பத்தியும் எழுதாத.

1885 ஜனவரி 17. சூடான்ல அபு கிளேயான்னு ஒரு இடம், பாலைவனத்துக்கு நடுவுல கொஞ்சம் கிணறுங்க. கார்ட்டூம்ல முற்றுகையில மாட்டிக்கிட்ட ஜெனரல் கார்டனை மீட்கப் போன பிரிட்டிஷ் படை சதுரமா நின்னு சண்ட போடுது. கடற்படை ஆளுங்க கிட்ட அஞ்சு பேரல் வச்ச கார்ட்னர் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. கைப்பிடிய சுத்தினா சுடும், ஆட்டோமேட்டிக் இல்ல, அதுக்கு முந்தின தலைமுறை. சார்லஸ் பெரஸ்ஃபோர்டுங்கற அதிகாரி அத சதுரத்துக்கு வெளிய தள்ளிட்டு வந்து சுட ஆரம்பிச்சார். எழுபது ரவுண்டு போல போச்சு, நின்னுடுச்சு. கேஸ வெளிய இழுக்கற கொக்கி, எக்ஸ்ட்ராக்டர்னு பேரு, காலி கேஸோட தலைய மட்டும் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு, உடம்பு பேரலுக்குள்ளயே தங்கிடுச்சு. அவரும் வில்லியம் ரோட்ஸ்ங்கற மாலுமியும் தகட்டு ஸ்க்ரூவ கழட்டி அத எடுக்கப் போராடிக்கிட்டு இருக்கும்போதே எதிர்ப்படை மேல வந்து விழுந்துடுச்சு. ரோட்ஸ் அங்கயே செத்துப்போனார். பெரஸ்ஃபோர்டு பொழைச்சு, பின்னால இத அவரே எழுதி வச்சதாலதான் என்ன மாட்டிச்சுன்னு நமக்கு இவ்வளவு துல்லியமா தெரியுது. அதே சண்டையில சிப்பாய்ங்க கையில இருந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளும் இதே மாதிரி மாட்டிக்கிச்சு.

13 வருஷம் கழிச்சு, 1898 செப்டம்பர் 2, அதே சூடான்ல ஓம்துர்மான். இந்த தடவ பிரிட்டிஷ் தரப்போட பீரங்கி, ரைஃபிள், மாக்சிம் எல்லாம் நிக்காம சுட்டுது. ஒரே காலையில சூடான்காரங்க பத்தாயிரத்துக்கு மேல செத்தாங்க, பிரிட்டிஷ் தரப்புல ஐம்பது பேர் அளவுக்குக்கூட இல்ல. உன் ஃப்ரெண்டு கேட்டதுக்கு பதில் இதான். எனக்கு ஆசை இல்லப்பா. அபு கிளேயாவையும் ஓம்துர்மானையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறப்ப ஒரு பித்தளக் கூடு வெளிய வந்துச்சா வரலையாங்கறதுல இத்தன உயிர் தொங்கியிருக்குன்னு தெரியுது, அது தெரிஞ்சதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல. ஜெர்மனா ரஷ்யனாங்கறத விடு, முதல் உலகப்போர்ல ரெண்டு பேரும் சுட்டது மாக்சிமோட டிசைனதான்.

சரி, கேஸுக்கு வருவோம். அது ஏன் மாட்டுதுன்னு மொதல்ல புரிஞ்சுக்க. வெடிக்கும்போது உள்ள சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல பிரஷர். கேஸ் பலூன் மாதிரி விரிஞ்சு, தோட்டா உக்கார்ற அறை இருக்கே, சேம்பர், அதோட சுவத்துல அப்பிக்கும். அப்பிக்கணும், அதுதான் அதோட வேலையே, இல்லன்னா வெடிச்ச வாயு பின்னாடி சீறி சுடறவன் மூஞ்சிக்கு வந்துடும். பிரஷர் இறங்கினதும் அது பழையபடி சுருங்கணும். அதுக்குத்தான் பித்தள, 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம், ஸ்ப்ரிங் மாதிரி திரும்பி வரும். வெறும் செம்பு அவ்வளவு திரும்பாது. மார்ட்டினி-ஹென்றி தோட்டா மெல்லிசான பித்தளத் தகட்ட சுருட்டி, கீழ இரும்பு அடித்தட்டு வச்சு செஞ்சது. துப்பாக்கி சூடேறினா தகடு சேம்பர்ல ஒட்டிக்கும், எக்ஸ்ட்ராக்டர் இழுக்கற இழுப்புல அடித்தட்டு மட்டும் கழண்டு வரும். அதனாலதான் ஒரே துண்டா இழுத்து செஞ்ச பித்தளக் கேஸுக்கு போனாங்க. வீட்டுல டம்ளருக்குள்ள டம்ளர் மாட்டிக்கிட்டா அம்மா உள்ள பச்சத்தண்ணி ஊத்தி வெளிய சுடுதண்ணி ஊத்துவாங்கல்ல, உள்ளது சுருங்கணும் வெளியது விரியணும், அதே கணக்குதான். துப்பாக்கியில அதுக்கு இருக்கற நேரம் ஒரு செகண்டுல ஆயிரத்துல சில பங்கு.

கேஸ் சுலபமா வெளிய வர்றதுக்கு அதோட சரிவும் ஒரு காரணம். கேஸ் நேர் உருளையா இருந்தா முழு நீளமும் உரசிக்கிட்டேதான் வெளிய வரணும். பின்பக்கம் பெருத்து முன்பக்கம் சிறுத்து இருந்தா அரை நூல் நகந்தாலே சுவர விட்டு மொத்தமா விலகிடும். பிரிட்டிஷ் .303 தோட்டாவுல அந்த சரிவ பாக்கலாம், பிரெஞ்சுக்காரன் 8 மிமீ லெபெல் தோட்டாவுல இன்னும் அதிகம்.

நம்ம ஊர்லயும் இதுல ஒரு கத இருக்கு. பிரிட்டிஷ் காலத்துல மழைக்காலம் வந்தா தோட்டாவ குதிர லாயத்துல வச்சிருப்பாங்க, மழ முடிஞ்சு எடுத்துப் பாத்தா பித்தளக் கேஸ் தானா வெடிப்பு விட்டிருக்கும். ரொம்ப நாளா காரணம் புரியல. குதிர மூத்திரத்துலேருந்து வர்ற அம்மோனியாவும், கேஸ இழுத்து செய்யும்போது உள்ள தங்கிப்போன ஸ்ட்ரெஸ்ஸும் சேர்ந்துதான் பிளக்குதுன்னு 1921-ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் காட்டினாங்க. லேசா சூடு பண்ணி ஸ்ட்ரெஸ்ஸ எடுத்துட்டா வெடிக்காது. அரியர் இருக்கற பேப்பர்ல ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் வந்தா லாயத்த நினைச்சுக்க.

இப்ப நீ கேட்ட ஆட்டோமேட்டிக். சேம்பரோட பின்பக்கத்த அடைக்கற போல்ட்ட கையால இழுக்கற ரைஃபிள்ல மனுஷனுக்கு கை சொல்லும், இறுக்கமா இருந்தா இன்னும் கொஞ்சம் அழுத்தி தூக்குவான், அந்த கைப்பிடிய தூக்கறப்பவே கேஸ் மெதுவா, பலமா, கொஞ்சமா பின்னால நகந்துடும், அப்புறம் சட்டுன்னு இழுத்தா வந்துடும். மெஷினுக்கு கை கிடையாது. மாக்சிம் துப்பாக்கில எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதான்: சுட்டதும் பேரலும், போல்ட் வேலைய செய்யற லாக்கும் ஒண்ணாவே, பூட்டினபடியே, கொஞ்ச தூரம் பின்னால வரும். அதுக்குள்ள குண்டு வெளிய போய் பிரஷர் இறங்கிடும். அப்புறம்தான் முழங்கால் மாதிரி இருக்கற இணைப்பு மடங்கும், மடங்க ஆரம்பிக்கறப்ப மெதுவா ஆனா ஏகப்பட்ட பலத்தோட, போகப்போக வேகமா. மனுஷன் கை செய்யற அதே வேலைய, அத கண்டுபிடிச்ச ஹைரம் மாக்சிம் இரும்புல செஞ்சுட்டார். எண்ணெய் தடவின தோட்டா அதுக்கு தேவையே படல.

எண்ணெய் யாருக்கு தேவப்பட்டுச்சு? அவசரப்பட்டவங்களுக்கு. ஆஸ்திரியாவுக்கு ஷ்வார்ட்ஸ்லோஸங்கற டிசைனர் 1907-ல குடுத்த மெஷின்கன்ல பேரல் நகராது, போல்ட்ட பேரலோட பூட்டறதும் கிடையாது, வெயிட்டும் இணைப்பும்தான் கொஞ்சம் தாமதப்படுத்தும். பிரஷர் இன்னும் இருக்கும்போதே கேஸ் பின்னால கிளம்பிடும். கேஸோட முன்பக்கச் சுவர் மெல்லிசு, அது சேம்பர்ல அப்பிக்கிட்டு நிக்கும், பின்பக்கம் போல்ட்டோட ஓடும், நடுவுல கிழியும். இத தடுக்க உள்ளயே ஒரு எண்ணெய் பம்ப் வச்சு தோட்டாவுக்கு எண்ணெய் அடிச்சாங்க. இதத்தான் உன் வீடியோக்காரர் தீர்வுன்னு சொல்லியிருக்கார். ஆனா தம்பி, 1912-ல அதே துப்பாக்கிய மாத்தினாங்க. போல்ட்ட கனமாக்கினாங்க, திறக்கறது தாமதமாச்சு, பம்ப்ப கழட்டிப் போட்டாங்க. அந்த அஞ்சு வருஷத்த யோசிச்சுப் பாரு. எண்ணெய்யால மறைச்சு வச்ச தப்பு டைமிங்ல இருந்திருக்கு.

ஜப்பான்லயும் இதே கததான். கிஜிரோ நம்புங்கற டிசைனர் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் மெஷின்கன அடிப்படையா வச்சு 1914-ல செஞ்ச டைப் 3-லயும் 1922-ல செஞ்ச டைப் 11-லயும் தோட்டாவுக்கு எண்ணெய் போடற டப்பா உண்டு, ஏன்னா கேஸ மெதுவா நகத்தற அந்த முதல் இழுப்பு அதுல போதல. சீனாவுல தூசி எண்ணெய்யோட சேர்ந்து உள்ள போய் துப்பாக்கிய ஜாம் பண்ணுச்சு. டைப் 96-ல டப்பாவ துப்பாக்கியிலேருந்து எடுத்தாங்க, ஆனா மேகசின்ல போடறதுக்கு முன்னாடி சிப்பாய் எண்ணெய் தடவ வேண்டியிருந்துச்சு, அதாவது பிரச்சனய மெஷின்லேருந்து எடுத்து மனுஷன் தலையில வச்சாங்க. டைப் 99-ல முதல் இழுப்ப சரி பண்ணினப்பதான் எண்ணெய் போச்சு. இத்தாலியோட பிரெடா 30 மெஷின்கன் எண்ணெய் பம்ப்போட லிபியா பாலைவனத்துக்கு போச்சு. எண்ணெய்யும் மணலும் கலந்தா என்னன்னு எந்த மெக்கானிக் ஷாப் பையனும் சொல்வான், வால்வு தேய்க்கற பேஸ்ட்.

இந்த எண்ணெய் விஷயத்துல எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு சொல்லிடறேன். எங்கப்பா பவர் பிரஸ் ஆப்பரேட்டர். சின்ன ஷாப், பம்ப் ஸ்டவ்வுக்கு பித்தள டேங்க் அடிக்கறது. வட்டத் தகடு வைப்பாங்க, பஞ்ச்ங்கற இரும்புத் தண்டு கீழ இறங்கும், தகடு டைங்கற அச்சுக்குள்ள போய் கிண்ணமா ஆகும், பஞ்ச் மேல போறப்ப கிண்ணத்த விட்டுட்டுப் போகணும். தோட்டாக் கேஸ் செய்யறதும் இதே முறைதான், அத பல தடவ இழுத்து நீளமாக்கணும், அவ்வளவுதான். அந்த பஞ்ச்சுல காத்து போக ஓட்ட கிடையாது. கிண்ணம் பஞ்ச்சோட ஒட்டிக்கிட்டு மேல போயிடும். கிண்ணத்த உருவி விடற ஸ்ட்ரிப்பர் தகடும் முனை தேஞ்சுபோச்சு. அப்பா மாசக்கணக்கா சொல்லிப் பாத்தார், நடுவுல ஒரு ஓட்ட போடுங்க, ஸ்ட்ரிப்பர மாத்துங்கன்னு. “எண்ணெய்ய நல்லா ஊத்தி அடிங்க, ப்ரொடக்‌ஷன் நிக்கக்கூடாது”ன்னாங்க. எண்ணெய் ஊத்த ஊத்த காத்து புகற வழி இன்னும் நல்லா அடைபட்டு உறிஞ்சல் இன்னும் பலமாச்சு, இது அப்பாவுக்கு தெரியும், அஞ்சாவது வரை படிச்சவர், ஆனா தெரியும். 1987-ல ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரால ஒரு கிண்ணத்த நெம்பி எடுக்கறப்ப கிளட்ச் ரிப்பீட் அடிச்சு பஞ்ச் தானா இன்னொரு தடவ இறங்கிடுச்சு. இடது கையில ரெண்டு விரல் போச்சு. நான் அப்ப ஒம்பதாவது. மறுவாரம் அந்த பஞ்ச்ச டூல் ரூமுக்கு அனுப்பி ஓட்ட போட்டாங்க, அரை நாள் வேலை.

ரோட்ஸ் ஸ்க்ரூ கழட்டிக்கிட்டே செத்தத படிக்கறப்ப எனக்கு அப்பா கைதான் தெரியுது. உள்ள போடறதுக்கு எல்லாரும் டிசைன் பண்ணுவாங்க. வெளிய எடுக்கறதுக்கு யாரும் யோசிக்கறதில்ல, மாட்டினா அங்க நிக்கற ஆள் பாத்துப்பான்னு விட்டுடறாங்க. மாக்சிம் டிசைன்லேருந்து வந்த பிரிட்டிஷ் விக்கர்ஸ் மெஷின்கன் ஆளுங்களுக்கு கிழிஞ்ச கேஸ உருவறதுக்குன்னே தனியா ஒரு டூல் குடுத்து அனுப்பினாங்க, அது ஒரு மரியாதை, கிழியும்னு ஒத்துக்கிட்டு அந்த ஆளுக்கு வழி பண்ணியிருக்காங்க.

எண்ணெய் இல்லாம வேற வழி கண்டுபிடிச்சவர் ஒருத்தர சொல்லாம விட முடியாது. இத்தாலில ஆஞ்ஞெல்லின்னு ஒருத்தர், சேம்பர் சுவத்துல நீளவாக்குல சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டினார். வெடிக்கற வாயு முன்பக்கத்துலேருந்து அந்த வாய்க்கால் வழியா கேஸுக்கு வெளிப்பக்கமும் வரும், உள்ளயும் பிரஷர், வெளியவும் பிரஷர், கேஸ் சுவத்துல அப்பாம மிதக்கும். ரஷ்யாவோட எஸ்விடி-40 ரைஃபிள்லயும் ரெண்டாம் உலகப்போருக்கப்புறம் வந்த ஜெர்மன் ஜி3 ரைஃபிள்லயும் இதே வாய்க்கால்தான், அதுல சுட்ட காலி கேஸ எடுத்துப் பாத்தா சுத்தி கருப்பு கருப்பா கோடு இருக்கும். எங்கப்பா கேட்ட காத்து ஓட்டையும் இந்த வாய்க்காலும் ஒரே யோசனதான், ரெண்டு பக்கமும் பிரஷர சமமாக்கு, பொருள் தானா விட்டுக் குடுக்கும். இத நான் தெரிஞ்சுக்கிட்டப்ப அப்பா இல்ல. இருந்திருந்தா ராத்திரியெல்லாம் பேசியிருப்பார்.

பெடர்சனோட மெழுகு பூசின தோட்டா, சேம்பர் தப்பா கடஞ்சதால அமெரிக்கத் தோட்டாவுக்கு செஞ்ச ஷோஷா துப்பாக்கி கேஸ விடாம பிடிச்சுக்கிட்டது, வியட்நாம்ல சேம்பர்ல குரோம் பூசாத எம்16, இதெல்லாம் நீயே தேடிப் படி.

அரியர் பத்தி. ரெண்டு பேப்பர்தானே, எழுதலாம். உனக்கு வராதுன்னு யார் சொன்னா? கேஸ் எப்படி வெளிய வருதுன்னு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கற பையனுக்கு மெஷின் டிசைன் வராதுன்னா வேற யாருக்கு வரும்? ஆனா வீடியோ பாத்துட்டு “அவ்வளவுதானா”ன்னு கேக்கற பழக்கத்த விடு. உக்காந்து வர. ஒரு தாள்ல குறுக்க நேரம், நெடுக்க பிரஷர். பிரஷர் சர்ருன்னு ஏறி இறங்கற கோட்ட போடு. அந்தக் கோட்டுல மாக்சிம் எந்த இடத்துல திறக்குது, 1907 ஷ்வார்ட்ஸ்லோஸ எங்க திறக்குது, 1912-ல அது எவ்வளவு தள்ளிப்போச்சுன்னு நீ நினைக்கிறியோ அங்கல்லாம் மூணு புள்ளி வையி. அளவு சரியா இல்லாட்டியும் பரவால்ல. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, தப்பு இருந்தா திட்டுவேன்.

அன்போட.