கடன் தவணை இரண்டு நாள் தாமதமானதற்கு அபராதம் வாங்குவது நியாயமா?

இரண்டே நாள் தாமதத்துக்கு ஆயிரக்கணக்கில் போய்விட்டது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாமதக் கட்டணம் நியாயம்தான். ஆனால் உங்களிடம் பிடித்ததெல்லாம் தாமதக் கட்டணம்தானா என்று முதலில் கணக்கைப் பாருங்கள்.

நான் மும்பையில் ஆன்டாப் ஹில்லில் இருக்கிறேன், வேலை அந்தேரியில். பைக் கடன் தவணை 4,870 ரூபாய், மாதாமாதம் 5ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். இரண்டு வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. போன வருடம் ஒரு மாதம் மட்டும், 1ஆம் தேதி வர வேண்டிய சம்பளத்தை 7ஆம் தேதி போட்டார்கள். 5ஆம் தேதி காலை வடாலா ஸ்டேஷனில் நிற்கிறேன், தவணை திரும்பிவிட்டது என்று மெசேஜ் வருகிறது. கணக்கில் இருந்தது 3,912 ரூபாய்.

கடன் கொடுத்த நிறுவனம் பவுன்ஸ் சார்ஜ், அதாவது கணக்கில் பணம் போதாமல் தவணை திரும்பியதற்கான கட்டணம் 500, ஜிஎஸ்டி 90 என்று போட்டது. என் வங்கியும் தனியாக 590 பிடித்தது. அப்புறம் மறுநாளே நிறுவனம் இன்னொரு முறை பணம் எடுக்கப் பார்த்தது. அதுவும் திரும்பியது, மறுபடி இரண்டு பக்கமும் 590. ஆக மொத்தம் 2,360 ரூபாய், தவணையில் கிட்டத்தட்ட பாதி! 8ஆம் தேதி நானே கட்டிவிட்டேன். அந்த மூன்று நாளுக்கு மாதம் 2 சதவீதக் கணக்கில் வந்த உண்மையான தாமத அபராதம் பத்து ரூபாய்கூட இல்லை. அந்தப் பத்து ரூபாயை நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன்.

"தேதிக்குப் பணம் வைக்காதது உன் தப்புதானே" என்று யாராவது வருவார்கள். தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தப்புக்கு நாலு தடவை பிடித்ததைத்தான் கேட்கிறேன். அபராதம் ஒழுங்காகக் கட்ட வைப்பதற்குத்தான், வருமானத்தைப் பெருக்க அல்ல என்று ரிசர்வ் வங்கியே 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அபராதத்தை வட்டி விகிதத்தில் ஏற்றக் கூடாது, அபராதத்துக்கு மேல் வட்டி போடவும் கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு இது பொருந்தாது. அதற்குத் தனி விதி: கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம், அதுவும் கட்டாமல் நிற்கிற தொகைக்கு மட்டும்.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்கு. ஆறு நாள் தாமதமாகச் சம்பளம் போட்டவர்கள் ஒரு பைசா சேர்த்துத் தரவில்லை. பழைய வீட்டுக்காரர் 60,000 ரூபாய் டெபாசிட்டை நாலு மாதம் இழுத்தடித்துக் கொடுத்தார். அதற்கு யாரிடம் போய் அபராதம் கேட்பது?

சரி, உங்கள் விஷயம். போனில் பேசிப் பயனில்லை. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. எனக்கு இரண்டாவது பவுன்ஸுக்கு நிறுவனம் பிடித்த 590 மட்டும் திரும்ப வந்தது. தவணைத் தேதியையும் 10க்கு மாற்றி வாங்கிவிட்டேன்.